தாசிகள் மோசவலை (புதினம்)

தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர் என்பது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதி 1936 ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்ப் புதினம் ஆகும். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்ற நோக்கில் இது எழுதப்பட்டது. அம்முறைக்குள் வளர்ந்து, அதிலிருந்து வெளியேறி, அதற்கெதிராகப் போராடிய ஒரு பெண்ணே இதன் ஆசிரியர் என்பது இந்நூலின் சிறப்பாகும். சுயமரியாதை இயக்கத்தின் கருத்துகளைக் கதை வடிவில் தந்த முன்னோடி நூல்களுள் ஒன்றாகவும் இது கருதப்படுகிறது.

ஒரு பெண் சமூகத்தின் மாண்புக்காக எழுதப்பட்ட இந்நூல், அச்சமூகத்தை இழிவுபடுத்த வழங்கிய சொற்களையும் உருவகங்களையுமே பெரிதும் கையாள்கிறது. இந்த முரண் காரணமாக, இலக்கிய வரலாற்றில் மட்டுமன்றி மொழிக்கும் மனித மாண்புக்கும் உள்ள தொடர்பு குறித்த ஆய்விலும் இப்புதினம் இடம்பெறத் தக்கது. புதினத்துக்குப் பின்னணியாக அமைந்த சட்டமன்ற விவாதத்தில் எதிரெதிர் நிலைகளில் நின்ற முத்துலட்சுமி ரெட்டி, சத்தியமூர்த்தி ஆகிய இருவரும் இன்றைய புதுக்கோட்டை மாவட்டப் பகுதியில் பிறந்தவர்கள்.

பெயர்க்காரணம்

நூலுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. 'அல்லது' என்ற சொல்லால் இரு தலைப்புகளை இணைப்பது அக்காலத் தமிழ்ப் புதினங்களில் பரவலாக இருந்த வழக்கம் ஆகும்.

முதற்பெயரில் உள்ள 'மோசவலை' என்பது ஏமாற்றுவதற்காக விரிக்கப்படும் வலையைக் குறிக்கும். இரண்டாம் பெயரில் உள்ள 'மைனர்' என்னும் சொல் சட்டப்படி வயது நிரம்பாதவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. எனினும் தமிழ்ப் பேச்சு வழக்கில் அது முன்னோர் சேர்த்த சொத்தைக் கேளிக்கையில் செலவழித்துத் திரியும் செல்வந்த வீட்டு ஆணைக் குறித்தது. இரு பெயர்களையும் சேர்த்துப் படித்தால் நூலின் கதைப்போக்கு விளங்கும். வலை விரிப்பவர்கள் தாசிகள். அதில் விழுந்து பின்னர் தெளிவு பெறுபவன் மைனர்.

நூலாசிரியர்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883 - 1962) திருவாரூரில் பிறந்து மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்தவர். தேவதாசிக் குடும்பத்தில் வளர்க்கப்பட்ட அவர், அவ்வாழ்க்கையை ஏற்க மறுத்துத் தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையைத் திருமணம் செய்துகொண்டார். தொடக்கத்தில் காங்கிரசு இயக்கத்தில் பணியாற்றினார். 1925 இல் பெரியார் ஈ. வெ. இராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறியபோது இவரும் வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். 1938 இல் நடைபெற்ற இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். 1949 இல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்தார்.

தேவதாசிக் குடும்பங்களை நேரில் சந்தித்துப் பெண் பிள்ளைகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டாம் என்று வலியுறுத்துவது இவரது முதன்மைப் பணியாக இருந்தது. இப்பணியின் தொடர்ச்சியாகவே புதினத்தையும் எழுதினார்.

வரலாற்றுப் பின்னணி

பொட்டுக்கட்டுதல்

சிறு வயதுப் பெண்ணைக் கோயில் தெய்வத்துக்கு மனைவியாக அல்லது பணியாளராக ஒப்படைக்கும் சடங்கு 'பொட்டுக்கட்டுதல்' எனப்பட்டது. பொட்டுக்கட்டப்பட்ட பெண் மனிதர் எவரையும் மணக்க இயலாது. கோயிலில் ஆடுதல், பாடுதல், விளக்கெடுத்தல் முதலியவை அவரது கடமைகள். இப்பணிக்கு ஈடாகக் கோயில் மானிய நிலத்தில் அனுபவ உரிமை அல்லது படி வழங்கப்பட்டது. காலப்போக்கில் நிலக்கிழார்களும் செல்வந்தர்களும் இப்பெண்களைத் தம் ஆதரவில் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கோயில்களுக்குக் கிடைத்த அரச ஆதரவு குறைந்தபோது இவர்கள் தனி ஆண்களின் தயவை மேலும் நம்பி வாழ வேண்டிய நிலை ஏற்பட்டது.

சட்டமன்றமும் புதுக்கோட்டையும்

முத்துலட்சுமி ரெட்டி 1886 ஆம் ஆண்டு சூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்ட தனிச் சமத்தானம். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இன்று இசை வேளாளர் என வழங்கப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. மன்னரின் அனுமதியால் சேர்க்கப்பட்டார். பின்னர் 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று மருத்துவரானார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றுமாறு அரசைக் கோரும் தீர்மானத்தை 1927 இல் அவர் கொண்டுவந்தார். 1929 இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. இதன்படி மானிய நிலம் பெற்றிருந்த தேவதாசிகள், கோயில் பணி செய்யும் கட்டாயத்திலிருந்து விடுபட்டு நிலத்தைத் தமதாக வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் சட்டம் 1947 இல்தான் நிறைவேறியது.

சட்டமன்றத்தில் இம்முயற்சியை எதிர்த்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி. அவரும் 1887 இல் புதுக்கோட்டைச் சமத்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தவரே. ஒரே சிறு சமத்தானத்திலிருந்து வந்த இருவர் சென்னையில் இவ்வாறு எதிரெதிராக நின்றனர். புதுக்கோட்டை தனிச் சமத்தானமாக இருந்தமையால் சென்னை மாகாணச் சட்டங்கள் அங்கு நேரடியாகச் செல்லுபடியாகவில்லை. சமத்தானம் 1948 மார்ச் மாதத்தில் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டு முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகவும், 1974 முதல் தனி மாவட்டமாகவும் ஆயிற்று.

தேவதாசிகளின் எதிர்வினை

தேவதாசிகள் அனைவரும் ஒரே நிலைப்பாட்டில் இருக்கவில்லை. சென்னையில் பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய கலைஞர்கள் 1927 இல் சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். தங்களைப் பரத்தையரோடு ஒன்றாக வைத்துப் பேசுவதை அவர்கள் மறுத்தனர். இறைத்தொண்டும் கலையுமே தங்கள் தொழில் என்றும், தங்களுக்குக் கல்வி தேவை என்றும் வாதிட்டனர். ஆக, ஒழிப்பை வேண்டிய இராமாமிர்தம் அம்மையாரும் ஒழிப்பை எதிர்த்த நாகரத்தினம்மாளும் கோரியது மதிப்பையே. அதை அடையும் வழி குறித்தே கருத்து வேறுபாடு இருந்தது.

கதைச் சுருக்கம்

காந்தா, கானவதி ஆகிய இருவரும் தாசிகள். அவர்களின் தாய் போகசிந்தாமணி. செல்வர்களைக் கவர்ந்து அவர்களின் பொருளைப் பறிக்கும் கலையில் தாய் மகள்களைப் பழக்குகிறாள். செல்வந்த இளைஞனான சோமசேகரன் இவர்களிடம் சிக்கிச் சொத்தையும் நற்பெயரையும் இழக்கிறான். அவன் மனைவி ஞானசுந்தரி கற்றவள், அறிவுடையவள். விதியை நொந்து மூலையில் முடங்காமல் கணவனை மீட்கும் முயற்சியில் இறங்குகிறாள்.

தாசி வாழ்க்கையைத் துறந்த குணபூஷணி, விவேகவதி போன்ற பெண்களும் கதையில் வருகின்றனர். அம்முறையின் கொடுமைகளை அதன் உள்ளிருந்து அறிந்தவர்கள் என்ற தகுதியில் இவர்கள் சீர்திருத்தம் பேசுகின்றனர். இறுதியில் மைனர் மதி பெறுகிறான். தேவதாசி முறை ஒழிப்புக்கான மாநாட்டை நோக்கிக் கதை நகர்ந்து நிறைவடைகிறது. பல இடங்களில் கதையோட்டம் நின்று நீண்ட உரையாடல்களும் சொற்பொழிவுகளும் இடம்பெறுகின்றன. சாதி, சமயச் சடங்கு, புராணம் ஆகியவற்றின் மீதான சுயமரியாதை இயக்கத்தின் விமர்சனங்கள் அவற்றில் வெளிப்படுகின்றன.

கதைமாந்தர்

சோமசேகரன் - செல்வந்த இளைஞன். தலைப்பில் குறிக்கப்படும் மைனர்
ஞானசுந்தரி - சோமசேகரனின் மனைவி
போகசிந்தாமணி - தாய். தாசித் தொழிலில் முதிர்ந்தவள்
காந்தா, கானவதி - போகசிந்தாமணியின் மகள்கள்
குணபூஷணி, விவேகவதி - தாசி வாழ்க்கையைத் துறந்து சீர்திருத்தம் பேசும் பெண்கள்

புதினத்தின் மொழி

பெயர்களே முத்திரைகள்

கதைமாந்தரின் பெயர்கள் அவர்களின் பண்பை முன்கூட்டியே அறிவித்து விடுகின்றன. சீர்திருந்தியவர்களுக்குக் குணமும் விவேகமும், மனைவிக்கு ஞானமும் பெயரிலேயே தரப்பட்டுள்ளன. தாய்க்கோ போகம் பெயராகிறது. இது ஒழுக்க நீதி கூறும் கதைகளில் பொதுவாகக் காணப்படும் உத்திதான். ஆயினும் இதன் விளைவு கவனிக்கத்தக்கது. போகசிந்தாமணி எவ்வாறு இத்தொழிலுக்கு வந்தாள், அவளுக்குப் பொட்டுக்கட்டியவர்கள் யார், முதுமையில் அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்ற கேள்விகளை அவள் பெயரே அடைத்துவிடுகிறது. மைனரின் பெயரில் அவ்வாறான பழி எதுவும் இல்லை.

வலை என்னும் உருவகம்

வலை என்றால் வேடனும் இரையும் உண்டு. தலைப்பிலுள்ள உருவகத்தின்படி பெண் வேட்டையாடுபவள், ஆண் அகப்படுபவன். நிலமும் பணமும் சட்டமும் ஆண்களிடம் இருந்த சமூகத்தில், ஏழு எட்டு வயதில் தன் விருப்பம் கேட்கப்படாமல் பொட்டுக்கட்டப்பட்ட பெண் வேடர் ஆக்கப்படுகிறாள். அம்முறையை நிலைநிறுத்திய செல்வந்தன் இரையாகிறான்.

இந்த உருவகம் இராமாமிர்தம் அம்மையார் புதிதாகப் படைத்ததன்று. நாயக்கர் காலம் முதல் தமிழில் வழங்கிய 'விறலிவிடு தூது' என்னும் சிற்றிலக்கிய வகையில் இதே கதைப்போக்கைக் காணலாம். ஒருவன் மனைவியைப் பிரிந்து தாசியிடம் செல்கிறான். தாசியின் தாய் வகுத்த சூழ்ச்சியால் பொருள் முழுவதையும் இழக்கிறான். பின்னர் மனைவியிடம் விறலியைத் தூது அனுப்புகிறான். ஆண்களின் நகைச்சுவைக்காக ஆண் புலவர்கள் அமைத்த இச்சட்டகத்தை அம்மையார் எடுத்துக்கொண்டு, அதைச் சீர்திருத்தப் பரப்புரைக்குப் பயன்படுத்தினார். அவர் செய்த முக்கியமான மாற்றம் குணபூஷணி, விவேகவதி போன்றோரைச் சேர்த்தது. பழைய இலக்கிய வகையில் தாசி பேசப்படுபவளாகவே இருந்தாள். இங்கு அவள் தன் வாழ்க்கையை நிறுத்தும் கட்டமைப்பைக் குற்றஞ்சாட்டிப் பேசுகிறாள்.

சொற்களின் வரலாறு

தாசி: சமற்கிருதத்தில் பணிப்பெண் அல்லது அடிமைப்பெண் என்பது இதன் பொருள். இதன் ஆண்பால் வடிவமான 'தாசன்' தமிழில் இழிசொல் ஆகவில்லை. பாரதிதாசன், கண்ணதாசன் எனக் கவிஞர்கள் அதைப் பெருமையுடன் புனைபெயரில் சூடினர். ஒரே சொல்லின் ஆண்பால் பணிவையும் பெண்பால் பழியையும் குறிக்கலாயிற்று.

தேவரடியார்: இறைவனின் அடியார் எனப் பொருள்படும் இச்சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் மதிப்புடன் இடம்பெறுகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். அவர்களின் பெயர்களும், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தனர் என்பதும், ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட வீடும் பங்கும் அக்கோயில் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. சோழர் காலக் கோயில் பெண்கள் கொடையாளர்களாகவும் விளங்கியதை இலெசுலி ஓர் 2000 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விளக்கியுள்ளார். பிற்காலத்தில் இச்சொல் பேச்சு வழக்கில் சிதைந்து 'தேவடியாள்' என்னும் வசைச்சொல்லாயிற்று. நாயன்மார்களைக் குறிக்கும் 'அடியார்' என்னும் சொல் மட்டும் தன் மதிப்பை இழக்கவில்லை.

அவள், அவர்: தமிழில் படர்க்கைப் பெயரும் வினைமுற்றும் மதிப்பையோ மதிப்பின்மையையோ காட்டாமல் இருக்க முடியாது. 'வந்தாள்' என்பதற்கும் 'வந்தார்' என்பதற்கும் இடையில் ஒரு சமூகத் தீர்ப்பு உள்ளது. நூலாசிரியர் 'அம்மையார்' என்று அழைக்கப்பட்டார். அவர் வளர்ந்த வீட்டில் இருந்த பெண்கள் 'அவள்' ஆகவே நின்றனர். முறையை விட்டு வெளியேறினால் மட்டுமே 'அவர்' ஆக முடியும் என்பது அக்காலச் சீர்திருத்த மொழியின் உள்ளார்ந்த விதியாக இருந்தது.

தலைப்பெழுத்து: தமிழர் பெயரின் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. தேவதாசி மரபில் வந்த கலைஞர்கள் பலர் தாயின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்டனர். ம. ச. சுப்புலட்சுமியின் பெயரிலுள்ள இரண்டாம் எழுத்து அவருடைய தாய் சண்முகவடிவைக் குறிக்கிறது. எம். எல். வசந்தகுமாரியின் பெயரில் அவருடைய தாய் இலலிதாங்கியின் பெயர் உள்ளது. தாய்வழி அடையாளமாகிய இதையே 'தகப்பன் பெயர் தெரியாதவர்' என்னும் வசையாகப் பிறர் மாற்றினர்.

மாண்புக்கான வழிகள்

இழிவுபடுத்தும் மொழியிலிருந்து மீள்வதற்கு இச்சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தேர்ந்த வழிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முறையை ஒழித்தல்: இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் தேர்ந்த வழி இது. சொல்லின் இழிவு அம்முறையிலிருந்தே வருவதால் முறையை ஒழித்தால் இழிவும் ஒழியும் என்று இவர்கள் கருதினர். முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் நிறுவிய அவ்வை இல்லம், இச்சமூகப் பெண் பிள்ளைகளுக்கு உறைவிடமும் கல்வியும் அளித்தது.

பெயரை மாற்றுதல்: மேளக்காரர், நட்டுவனார், தேவதாசிக் குடும்பத்தினர் ஆகியோர் 'இசை வேளாளர்' என்னும் புதுப் பெயரை ஏற்றனர். இன்று தமிழக அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இப்பெயரே உள்ளது. இவர்களின் ஆடற்கலைக்கும் பெயர் மாறியது. சதிர் என வழங்கிய ஆடலை வழக்கறிஞர் ஈ. கிருட்டிண ஐயரும் சென்னை மியூசிக் அகாதமியும் 1930களில் 'பரதநாட்டியம்' என்னும் பெயரில் முன்னிறுத்தினர். புதுப் பெயருடன் கலை உயர்சாதி இல்லங்களுக்குள் நுழைந்தது. அதைக் காத்துவந்த குடும்பங்களின் பெண்கள் பலர் மேடையிலிருந்து விலகினர்.

சொல்லைக் காத்தல்: பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் 'தேவதாசி' என்னும் சொல்லின் பழைய பொருளை மீட்க முயன்றனர். நாகரத்தினம்மாள் 1910 இல் 18 ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனம்' என்னும் நூலைப் பதிப்பித்தார். அதை எழுதியவரும் பதிப்பித்தவரும் தேவதாசி மரபினர் என்பதே பழிக்கு ஒரு காரணமாயிற்று. ஆபாசமானது எனக் கூறி அரசு விதித்த தடை 1947 இல்தான் நீங்கியது.

ஒன்றின் வெற்றி மற்றொன்றுக்குத் தடையாக இருந்ததே இதிலுள்ள சிக்கல். ஒழிப்புக்கு மக்கள் ஆதரவைத் திரட்ட அம்முறையின் இழிவை உரக்கக் கூற வேண்டியிருந்தது. அவ்வாறு கூறக்கூற, ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்டு வெளியேற வழியற்றிருந்த பெண்கள் மீதான இழிவு கூடியது.

திறனாய்வு

நீண்ட காலம் கவனிக்கப்படாமல் இருந்த இப்புதினம், 1991 இல் எசு. ஆனந்தி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மூலம் கல்வி உலகின் கவனத்தைப் பெற்றது. தேவதாசி முறையின் சமய, சாதி, ஆணாதிக்க அடித்தளங்களைச் சாடும் தீவிரமான பனுவல் என அவர் இதை மதிப்பிட்டார். கல்பனா கண்ணபிரான், வசந்த் கண்ணபிரான் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003 இல் காளி பார் விமன் பதிப்பகத்தின் மூலம் வெளிவந்தது. பா. சீவசுந்தரி தமிழில் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியுள்ளார்.

தேவதாசிச் சீர்திருத்தம் குறித்த ஆய்வுகளில் வேறு சில கேள்விகளும் எழுப்பப்பட்டுள்ளன. தேவதாசிப் பெண்களுக்கு வழக்கப்படி சொத்துரிமை, பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமை, இறுதிச் சடங்கு செய்யும் உரிமை ஆகியவை இருந்தன. அக்காலக் குடும்பப் பெண்களுக்கு இவை பெரும்பாலும் இல்லை. அம்ரித் சீனிவாசன் 1985 இல் வெளியிட்ட கட்டுரையில், சீர்திருத்தமும் கலை மறுமலர்ச்சியும் சேர்ந்து இப்பெண்களின் வாழ்க்கையை எவ்வாறு மாற்றின என்று ஆராய்ந்தார். தவேசு சோனேசி 2012 இல் வெளியிட்ட நூலில், சட்டத்துக்குப் பின் எஞ்சிய பெண்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்.

இவ்விரு நோக்குகளையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்ள வேண்டியதில்லை. சிறுமியைக் கேட்காமல் அவள் வாழ்நாளை முடிவு செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்பதில் புதினம் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. அச்சிறுமி வளர்ந்து பெண்ணான பின் அவளை என்ன சொல்லால் அழைப்பது என்பதில்தான் அது தடுமாறுகிறது. ஆசிரியருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடிய அதே சொற்களே அவர் கையில் இருந்த கருவிகள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

விராலிமலை

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள விராலிமலை முருகன் கோயில், சதிர் ஆடலுக்குப் பெயர் பெற்றது. இக்கோயிலில் பொட்டுக்கட்டப்பட்ட 32 பெண்களுள் இறுதியாக எஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள் ஆவார். ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்ட இவர் தந்தை இராமச்சந்திர நட்டுவனாரிடம் ஆடலும் பாடலும் கற்றார். கோயில் பணி நின்ற பின்னரும் பாடல்களையும் ஆடல் உருப்படிகளையும் நினைவில் காத்து, ஆய்வாளர்களுக்கும் இளைய கலைஞர்களுக்கும் கற்பித்தார். சோனேசியின் ஆய்விலும் இவரது பங்களிப்பு உண்டு. 2022 ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது அளித்தது.

புதினத்தின் சட்டகத்துக்குள் முத்துக்கண்ணம்மாளை வைக்க இடமில்லை. அவர் வலை விரித்த காந்தாவும் அல்லர். தன் கடந்த காலத்தைப் பழித்துத் துறந்த விவேகவதியும் அல்லர். தேவதாசி முறை இல்லாமல் போனதற்கும், அம்முறையில் வாழ்ந்த பெண் மதிப்புடன் அழைக்கப்படுவதற்கும் முரண்பாடு இல்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகிறது. முறையை ஒழிக்க முயன்ற முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மாவட்டத்திலேயே இது நிகழ்ந்தது.

பிற்காலத் தாக்கம்

சென்னை மாகாணத் தேவதாசி (ஒப்படைப்புத் தடுப்பு)ச் சட்டம் 1947 இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலைக் குற்றமாக்கிய இச்சட்டம், பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் திருமணம் செல்லும் என்றும் அறிவித்தது. இதற்கு முன்னரே மைசூர், திருவிதாங்கூர் சமத்தானங்களிலும், 1934 இல் பம்பாய் மாகாணத்திலும் இம்முறைக்கு எதிரான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டிருந்தன. கர்நாடகம் 1982 இலும் ஆந்திரப் பிரதேசம் 1988 இலும் தனிச் சட்டங்கள் இயற்றின.

தமிழக அரசு 1989 இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைச் சூட்டியது. 2022 இல் இத்திட்டம், அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியருக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமாக அவர் பெயரிலேயே மாற்றியமைக்கப்பட்டது. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவரின் பெயரில் கல்வி உதவி வழங்கப்படுவது பொருத்தமானதாகும்.

மொழி குறித்த விவாதம் சட்ட உலகிலும் தொடர்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஆகத்து மாதத்தில் வெளியிட்ட பாலினச் சார்புநிலை குறித்த கையேடு, பெண்களை ஒழுக்கத்தின் பெயரால் தரம் பிரிக்கும் பல சொற்களைப் பட்டியலிட்டு, தீர்ப்புகளிலும் மனுக்களிலும் அவற்றைத் தவிர்க்குமாறு கூறி, மாற்றுச் சொற்களைப் பரிந்துரைத்தது. 'வேசி', 'வைப்பாட்டி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களும் அப்பட்டியலில் உள்ளன. தமிழ் அன்றாடப் பேச்சிலும் திரைப்படங்களிலும் தேவரடியார் என்னும் சொல்லின் சிதைந்த வடிவம் வசையாக இன்றும் வழங்குகிறது. 1947 இல் சட்டம் ஒழித்த முறையை அந்த வசை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் பொட்டுக்கட்டிவிட்டவர்களையும் மைனர்களையும் குறிக்க அத்தகைய வசைச்சொல் எதுவும் தமிழில் நிலைக்கவில்லை.

இவற்றையும் பார்க்க

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்
முத்துலட்சுமி ரெட்டி
பெங்களூர் நாகரத்தினம்மாள்
விராலிமலை முத்துக்கண்ணம்மாள்
தேவதாசி முறை
தளிச்சேரிப் பெண்டுகள்
விறலிவிடு தூது
சுயமரியாதை இயக்கம்